தோள் என்று சொன்ன இடம்

1

பதினோரு நாட்களாக ஸுஷ்மாவின் வாய்க்குள் ஒரு சொல் நிற்கிறது.

இதை எழுதிவிட்டு நிறுத்திவிட்டேன். பதினோரு நாட்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. ஸுஷ்மாவையே எனக்குத் தெரியாது. அதனால் எது தெரியுமோ அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2001-இல் காஞ்சிபுரம் காந்தி ரோட்டில், இரண்டு பட்டுக்கடைகளுக்கு நடுவே மாடிப்படி ஏறினால் ஒரு பிரவுசிங் சென்டர் வரும். ஆறு கம்ப்யூட்டர்கள், நடுநடுவே ப்ளைவுட் தடுப்பு. மேற்படிப்புக்கு விண்ணப்பித்திருந்தேன், முடிவு வந்துவிட்டதா என்று பார்க்கப் போனேன். மூலையில் இருந்த ஆறாம் நம்பரைக் காட்டினார்கள். எனக்கு முன்னால் அங்கே இருந்தவர் அப்போதுதான் எழுந்து போயிருக்க வேண்டும். நாற்காலியில் இன்னும் சூடு இருந்தது.

முகவரி அடிக்கும் இடத்தில் ஓர் எழுத்தைத் தட்டியதும், அவர் தேடியவை எல்லாம் வரிசையாகக் கீழே இறங்கின. ஒரே விஷயத்தை மூன்று விதமாகத் தேடியிருந்தார். பெண்ணின் உடம்பில் ஓர் இடம். அங்கே ஒரு கட்டி. வலிக்காத கட்டி. ஐம்பது வயதுக்கு மேல்.

மூன்றையும் அழுத்திப் பார்த்தேன். மூன்றுக்கும் பக்கம் வரவில்லை. சிவப்பாக ஓர் உள்ளங்கை வந்து திரையை மறைத்தது.

திரையின் அடியில் ஒரு ஜன்னல் மூடப்படாமல் சுருங்கிக் கிடந்தது. அது மட்டும் திறந்தது. ஆங்கிலச் சொற்களின் பிறப்பைச் சொல்லும் அகராதி. 'டி' (T) எழுத்துக்கான பக்கம். பாதி வரை இறக்கி ஒரு சொல்லில் நிறுத்தியிருந்தார்கள். அதே இடத்துக்கான சொல்தான். ஆனால் டவுன் பஸ்ஸின் கடைசி சீட்டு முதுகில் பையன்கள் கீறி வைப்பார்களே, அந்தச் சொல்.

இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. மிச்சம் எல்லாம் நான் உண்டாக்கியது.

2

சென்டரின் சொந்தக்காரர் துரைக்கண்ணு வாசலோரம் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். எனக்குப் புதியவர்களிடம் பேசவே வராது. அன்றைக்குக் கேட்டேன்.

"அண்ணே, ஆறாம் நம்பர்ல சிவப்பா கை வருதே?"

"இன்னா அடிச்சே நீ?"

"நான் ஒண்ணும் அடிக்கலை."

"அது சாஃப்ட்வேர்மா. கெட்ட வார்த்தை அடிச்சா கையைக் காட்டி நிறுத்திடும். பொம்பளப் பசங்க வந்துக்கினு போய்க்கினு இருக்குற எடம், அதான் போட்டு வெச்சிருக்கேன்."

"டாக்டர் விஷயம் தேடினாலும் நிறுத்துதே."

"மெஷினுக்கு இன்னாமா தெரியும்? நீ அடிக்கிறது எந்த எடத்தோட பேருன்னு பாக்கும், புடிச்சுக்கும். இன்னா கஷ்டத்துல அடிச்சாங்கன்னா பாக்கப்போவுது?"

"எனக்கு முன்னாடி யார் இருந்தது?"

"எவன் பாத்தான்? பசங்களா இருக்கும். மூலைன்னா அவனுங்கதான் போய்க் குந்துவானுங்க."

கீழே இறங்கும்போது யோசித்தேன். பையன் என்றால் இந்தக் கதை இல்லை. கெட்ட சொல்லைத் தேடிச் சிரித்துவிட்டுப் போயிருப்பான். ஆனால் எந்தப் பையன் 'ஐம்பது வயதுக்கு மேல்' என்று சேர்த்து அடிப்பான்? எவன் மூன்று தடவை அடிப்பான்?

ஒரு பெண் என்றே வைத்துக்கொண்டேன். அவள் கேட்க வந்ததை மெஷின் கெட்ட வார்த்தை என்று தடுத்தது. கெட்ட வார்த்தையின் பக்கம், விலாசத்தில் 'டி' என்ற ஓர் எழுத்து மட்டும் இருந்ததால், தடையில்லாமல் திறந்தது. அதைப் படித்துவிட்டு அவள் காசைக் கொடுத்து இறங்கிப் போயிருக்கிறாள்.

(அந்த இடத்தின் பெயரை நான் இதுவரை எழுதவில்லை. எது என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் நீங்களும் அதைச் சொல்லிப் பார்க்காமல்தான் இதுவரை வந்திருக்கிறீர்கள்.)

3

கட்டியைப் பற்றித் தேடியவள் எதற்காக ஒரு கெட்ட வார்த்தையின் பூர்வீகத்தைப் படிக்க வேண்டும்? இந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் ஓர் அப்பாவை உண்டாக்கினேன்.

சக்ரவர்த்தி. சின்ன காஞ்சிபுரம். உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியர். கோயிலில் பிரபந்தம் சேவிக்கிற கோஷ்டியில் கணீரென்று கேட்கும் குரல் அவருடையது. அவர் வீட்டில் சாப்பாட்டு வேளையில் ஒரு வழக்கம் உண்டு. இலை போட்டதும், "இன்னிக்கு வார்த்தை யாரோடது?" என்பார். யார் முறையோ அவர்கள் ஓர் ஆங்கிலச் சொல்லைக் கொடுக்க வேண்டும். சாத்தமுது (ரசம்) சாதம் முடிவதற்குள் அவர் அதன் வேரைச் சொல்லிவிடுவார். தெரியாவிட்டால் கை அலம்பிக்கொண்டு அலமாரியிலிருந்து தடி அகராதியை இறக்குவார். அதை வேறு யாரும் தொடுவதில்லை.*

* வீட்டில் வாய்விட்டுச் சொல்லக் கஷ்டமானவையும் இந்த வழியாகத்தான் வரும். ஒருநாள் தன் முறைக்கு அவர் 'ஷுகர்' என்றார். நம் சர்க்கரைதான் பாரசீகம், அரபு என்று ஊர் ஊராகப் போய் இங்கிலீஷில் அப்படி ஆயிற்று என்றார். "சுத்தின சுத்துல எங்கிட்டயும் வந்துடுத்து. இருநூத்தி நாப்பது" என்று முடித்தார். அவருக்கு நீரிழிவு என்று வீட்டுக்குத் தெரிந்தது இப்படித்தான்.

அம்மா அம்ருதவல்லி. ஐம்பத்திரண்டு வயது. ஒரே பெண் ஸுஷ்மா, விலங்கியல் பட்டம் வாங்கிவிட்டு வீட்டில் இருக்கிறாள். (நான் படித்ததையே அவளுக்கும் கொடுத்திருக்கிறேன். வேறு படிப்பு எனக்குத் தெரியாது.) பரிசோதனைக் கூடத்தில் எலியை அறுத்து, ஒவ்வொரு சுரப்பிக்கும் பெயர் எழுதிக் குண்டூசி குத்தியவள். 

அம்ருதவல்லி கண்ணாடி முன் நின்று, தன்

வேண்டாம். அந்தக் காட்சியை எழுத மாட்டேன். ஸுஷ்மாவுக்கு எப்படித் தெரிந்ததோ அப்படியே எழுதுகிறேன்.

4

ஒரு வெள்ளிக்கிழமை காலை உள்ளிருந்து அம்மா கூப்பிட்டாள்.

"ஸுஷ், இந்த ரவிக்கையைக் கொஞ்சம் பிடி. கை நுழைய மாட்டேங்கறது."

பிடித்தாள். தூக்கிவிடும்போது விரல்கள் பட்டன. நெல்லிக்காய் அளவு. அழுத்தினால் நகரவில்லை.

"என்னம்மா இது?"

"எது?"

"இது."

"அது கொஞ்ச நாளா இருக்கு. வலிக்கலை. வலிக்காததைப் பத்தி என்ன பேச்சு?"

"கை ஏன் தூக்க வரலை?"

"அது தோள்."

அப்பாவிடமும் தோள் என்றே சொல்லியிருந்தாள். தோள் என்றதும் அவர் குடையை எடுத்துக்கொண்டு தெருமுனை டாக்டர் ஸ்ரீவர்தனிடம் அழைத்துப் போனார். ஸ்ரீவர்தன் அப்பாவிடம் ஆங்கிலம் படித்தவன். சின்ன வயதில் அந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டவன். "எங்கே மாமி வலி?" என்றான். மாமி தோளைத் தொட்டுக் காட்டினாள். தோள் இறுகியிருக்கிறது என்றான். தைலம், வெந்நீர்ப் பை. அப்புறம் ஒரு பயிற்சி: சுவரை ஒட்டி நின்று விரல்களை எறும்பு ஊர்கிற மாதிரி மேலே மேலே நகர்த்த வேண்டும்.

சக்ரவர்த்தி எதையும் அரைகுறையாகச் செய்பவர் இல்லை. தினமும் காலை காப்பி ஆனதும் கூடத்துச் சுவரருகே பென்சிலோடு நிற்பார். அம்மாவின் விரல்கள் எட்டுகிற இடத்தில் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதுவார். பள்ளிக்கூடத்தில் மதிப்பெண் போடுகிற அதே கையெழுத்து.

முதல் வாரம் கோடுகள் ஏறின. அப்புறம் நின்றன. அப்புறம் இறங்கத் தொடங்கின.

"அம்ருதம், நேத்தியைவிட ஒரு விரல்கடை கீழே. முயற்சி போறலை."

"நாளைக்கு ஏறிடும், பாருங்கோ."

அவர் அப்பால் போனதும் ஸுஷ்மா சமையலறைக்குள் வந்தாள்.

"நோவு ஒரு இடம், வைத்தியம் ஒரு இடம்னு இருக்கும்மா."

"டாக்டரே தோள்னுட்டார்டீ."

"நீ காட்டினதை அவர் சொன்னார். அவர் சொல்லிட்டா அது தோளா மாறிடுமா?"

அம்மா புளியைக் கரைத்தாள்.

"ரயிலடி கிட்ட லேடி டாக்டர் இருக்கா. நாம ரெண்டு பேருமா போயிட்டு வந்துடலாம்."

"அது பிள்ளை பெத்துக்கறவா போற எடம். இந்த வயசுல நான் போய் அந்த பெஞ்சில உக்காந்தேன்னா, வீதியே வந்து எத்தனாவது மாசம்னு கேக்கும்." அவளே சிரித்துவிட்டாள்.

"அப்பா சொன்னா வருவியா?"

"உங்கப்பா சொன்னா எங்கே வேணா வருவேன். மெட்ராஸுக்கே வருவேன். ஆனா அவர்கிட்ட யார் சொல்றது? கல்யாணம் ஆன நாளா அவர் காதுல அந்தப் பேரை நான் சொன்னதில்லை." புளித்தண்ணீரை அடுப்பில் ஏற்றிவிட்டுத் திரும்பினாள். "முடிஞ்சா நீ சொல்லேன். எந்த வார்த்தையில சொல்றேன்னு பாக்கறேன்."

இதுதான் கதை. மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான். ஸுஷ்மா ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். அதில் ஒரு சொல் வரும். அதைச் சொல்லாத ஒவ்வொரு காலையும் சுவரில் ஒரு கோடு.

5

பாடப்புத்தகத்தில் இருந்த லத்தீன் பெயரைச் சொல்லிப் பார்த்தாள். அது எலிக்கு உரியதாக இருந்தது. நெஞ்சு என்று பக்கத்து இடத்தைச் சொன்னால் அப்பா இதய டாக்டரிடம் அழைத்துப் போவார், மறுபடி தோள் கதைதான். தமிழில் இருந்த சொல்லைத் தலையணையில் முகம் வைத்துக்கூட அவளால் சொல்ல முடியவில்லை.

அப்போதுதான் சாப்பாட்டு வழக்கம் நினைவுக்கு வந்தது. அடுத்த முறை அவளுடையது. ஒரு சொல்லைக் கொடுத்தால் அப்பாவே அதன் பொருளைச் சொல்லியாக வேண்டும். அவர் வாயால் அந்த இடம் கூடத்துக்குள் வந்துவிட்டால், மிச்சத்தைச் சொல்வது சுலபம்.

கட்டியைப் பற்றி நாலு விவரம் தெரிந்துகொண்டு பேசலாம் என்று பிரவுசிங் சென்டருக்குப் போனாள். சிவப்புக் கை வந்தது. மூன்று தடவை வந்தது. கொடுக்கப்போகும் சொல்லுக்கு வேர் பார்க்கலாம் என்று தேடியபோது திறந்தது அந்த அகராதி மட்டும்தான்.

நானும் அந்தப் பக்கத்தைப் படித்தேன் என்பதால் இதை உறுதியாகச் சொல்ல முடியும். அந்தச் சொல் மிகப் பழையது. பழைய ஆங்கிலத்தில் குழந்தை வாய் வைத்துப் பால் குடிக்கும் காம்புக்கு அதுதான் பெயர். அப்போது அதில் அசிங்கம் எதுவும் இல்லை. பிறகு பிரெஞ்சு வழியாக வந்த ஓர் உறவுச்சொல் அதை ஓரம் கட்டியது. இருபதாம் நூற்றாண்டில் அது கொச்சையாகத் திரும்பி வந்தது. திரும்ப உண்டாக்கியவர்களுக்கு அப்படி ஒரு பழைய சொல் இருந்ததே தெரிந்திருக்காது என்கிறது அகராதி.

ஸுஷ்மா அதை இரண்டு முறை படித்தாள். அகராதி அந்தச் சொல்லைத் திட்டவில்லை. மூடி மறைக்கவும் இல்லை. எலியின் சுரப்பிக்குப் பெயர் எழுதிக் குண்டூசி குத்துவதைப்போலச் சொல்லியிருந்தது. அவளுக்கு அது தைரியமாக இருந்தது; மெஷின் தடுத்த சொல்லுக்குப் பதில் இதையே கொடுக்கலாம் என்று தோன்றியது.

அன்று இலை போட்டார்கள். "இன்னிக்கு வார்த்தை யாரோடது?"

"என்னோடதுப்பா."

"சொல்லு."

சொன்னாள். மூன்றெழுத்துத்தான். மூச்சு மாதிரி வெளியே வந்துவிட்டது.

சக்ரவர்த்தி சாதத்தைப் பிசைவதை நிறுத்தினார். காதுகள் சிவந்தன. "அது நம்மாத்து வார்த்தை இல்லை" என்றார். மோர் சாதம் சாப்பிடாமல் எழுந்துவிட்டார்.

அம்மாவுக்கு அந்த ஆங்கிலச் சொல் தெரியாது. "என்னடீ கேட்டே? மோரைக்கூடத் தொடாம எழுந்துட்டாரே."

"தோளுக்கு வேற வார்த்தை உண்டான்னு கேட்டேன்மா."

"அதுக்கா இந்தக் கோபம்?"

6

இந்த இடத்தில் சக்ரவர்த்தியைக் கொடுங்கோலராக எழுதிவிட்டால் எனக்குச் சுலபம். ஒரு பக்கம் எழுதியும் பார்த்தேன். அவர் ஒத்துழைக்கவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் அவரால் இருக்க முடியாது. அப்படித்தான் அவரை உண்டாக்கியிருந்தேன்.

மறுநாள் காலை சுவரில் கோடு போட்டார். முந்தைய நாளைவிடக் கீழே. அம்மா உள்ளே போனாள். அவர் பேப்பரைப் பிரித்து முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு பேசினார்.

"நேத்து நீ கேட்டது."

"அப்பா..."

"பழைய வார்த்தைதான். ஒரு காலத்துல மரியாதையா இருந்தது. நடுவுல கெட்டுப்போச்சு. வார்த்தை மேல தப்பு இல்லை." ஒரு பக்கத்தைத் திருப்பினார். "எங்கே பாத்தே, எதுக்குக் கேட்டேன்னு நான் கேக்கலை. நீயா சொன்னா சொல்லு."

கதவு இதைவிட அகலமாகத் திறக்காது. நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். இங்கே ஸுஷ்மா

வாக்கியம் அப்படியே நிற்கட்டும். அதை முடிக்க எத்தனையோ விதமாக முயன்றேன். அவள் சொன்னது இவ்வளவுதான்:

"சரிப்பா."

அவர் பேப்பரை மடித்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினார்.

7

முடிவுகளைப் பற்றி.

டாக்டர் ஸ்ரீவர்தனே ஒருநாள் மாமி நடந்து போவதைப் பார்த்துச் சந்தேகப்படுவதாக ஒரு முடிவு எழுதினேன். கதைகளில் வரும் டாக்டர்களுக்குத்தான் அப்படிச் சந்தேகம் வரும். அடித்துவிட்டேன்.

அம்ருதவல்லியே சொல்வதாக எழுதினேன். அவள் நான் எழுதிய வசனத்தைப் பேசாமல், "குழம்பு கொதிக்கறது" என்று எழுந்து போய்விட்டாள்.

இன்னொரு முடிவு உண்டு. கோடுகள் இறங்கிக்கொண்டே போய், ஒரு காலை அந்தச் சுவரில் புதிய கோடு விழாது. அதை நான் எழுதவில்லை. யாரும் எதையும் சொல்லாவிட்டால், யாரும் எழுதாமலே வருகிற முடிவு அது. நான் இவ்வளவு பதற்றமாக எழுதுவது அதனால்தான்.

ஸுஷ்மா 'சரிப்பா' என்ற அன்றைக்கே மாலை கோயிலில் வீதிப் புறப்பாடு. பெருமாளுக்கு முன்னால் கோஷ்டி வரும். வாசல் தெளித்துக் கோலம் போட்டு ஸுஷ்மாவும் அம்மாவும் நின்றார்கள். அம்மாவால் ஒரு கையைத் தூக்கிக் கும்பிட முடியவில்லை. இடுப்புக்கு மேலே கொஞ்சம் உயர்த்தி மற்றக் கையோடு சேர்த்துக்கொண்டாள்.

கோஷ்டி நெருங்கியது. பூதனை வருகிற பாசுரம். விஷம் தடவிக்கொண்டு பாலூட்ட வந்த அரக்கியிடம் குழந்தைக் கண்ணன் பால் குடித்த கதை. அந்தக் கதையைச் சொன்னால் அந்த இடத்தின் பெயர் வராமல் இருக்காது. வந்தது. பெயரைச் சுற்றிக்கொண்டு போகவில்லை. குரலைத் தாழ்த்தவும் இல்லை. வீதி முழுக்க ஆண்கள் உரக்கச் சொன்னார்கள். அப்பாவின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

ஸுஷ்மா சுற்றிலும் பார்த்தாள். எதிர்வீட்டு மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஒரு குழந்தை அப்பளம் தின்றது. யாருடைய காதும் சிவக்கவில்லை. அம்மா கண்ணை மூடி நின்றிருந்தாள், உதடுகள் அசைந்தன. பாசுரம் அவளுக்கும் மனப்பாடம்.

"அம்மா, இப்ப நீ சொன்னே."

"என்ன சொன்னேன்?"

"அந்தப் பேரை."

"அது பெருமாளுக்குச் சொன்னதுடீ." அம்மா வெடுக்கென்று திரும்பினாள். "ஆத்துல சொல்ற வார்த்தையா அது?"

பெருமாள் திருப்பத்தைத் தாண்டினார். தீவட்டிப் புகை மட்டும் வீதியில் நின்றது.

8

சக்ரவர்த்தி வீட்டுக்கு வந்தார். கால் அலம்பினார். மேல்துண்டை உதறி மாட்டிவிட்டு, சமையலறையில் வெந்நீர் வைத்தார். அந்த வேலையை அவர் வேறு யாருக்கும் விடுவதில்லை. ரப்பர் பையின் வாயை அகட்டிப் பிடித்துக்கொண்டு, கொதிநீரைச் சிந்தாமல் ஊற்றினார். மூடியைத் திருகித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். புறங்கையில் வைத்துச் சூடு பார்த்தார்.

ஸுஷ்மா கதவருகே நின்றாள்.

"என்னம்மா?"

"இன்னிக்கு நீங்க சேவிச்ச பாசுரத்துல ஒரு வார்த்தைப்பா."

"முறை உன்னோடது இல்லையே." சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். பையைக் கீழே வைத்தார். "எந்த வார்த்தை?"

அவள் வாய் திறந்திருக்கிறது. என்னால் இதற்கு மேல் அவளைத் தள்ள முடியவில்லை. எழுதத்தான் முடிகிறது, எழுதினால் சத்தம் வராது. ஆறாம் நம்பர் நாற்காலியைச் சூடாக விட்டுப் போன பெண், அவள் பெயர் எதுவோ, வீட்டுக்குப் போய்ச் சொன்னாளா என்று எனக்குத் தெரியவில்லை. விசாரிக்க வழியும் இல்லை. எனக்கு முன்னால் இருப்பது நீங்கள்தான். உங்களுக்கு வாய் இருக்கிறது. பக்கத்தில் யாராவது இருந்தால் இருக்கட்டும். அடுத்த வரியை மனதுக்குள் படிக்காதீர்கள்.

"அப்பா, அம்மாவுக்குத் தோள்ல ஒண்ணும் இல்லை. முலையில கட்டி."